எல்எஸ்3/5ஏ சின்ன ஸ்பீக்கர் பெட்டி: இன்றைய வார்ப்புகளில் எதை எடுப்பது, வேலூர் வீட்டுக் கூடத்தில் எப்படி வைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்எஸ்3/5ஏ என்பது எந்த கம்பெனியின் மாடல்?

எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. அது பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி வரைந்த வடிவமைப்பு. ‘எல்எஸ்’ என்றால் லவுட்ஸ்பீக்கர், 3 என்பது வெளிப்புற ஒலிபரப்பு வேலைக்கானது என்ற வகை எண், 5 வரிசை எண், ‘ஏ’ திருத்திய பதிப்பு. ஒலிபரப்பு வேனுக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்போனை நம்பி மைக் சமநிலை பார்ப்பதும் சரிப்படவில்லை. அதற்காக 1970களின் முற்பகுதியில் பிறந்த பெட்டி இது. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் எழுதிய பிபிசி ஆய்வறிக்கை 1976இல் வந்தது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத், குட்மன்ஸ், கெஃப் என்று பலர் உரிமம் வாங்கி இதைச் செய்தார்கள். ஆகவே ‘ஒரிஜினல் எது’ என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

சுமார் 30.5 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், 16 செ.மீ. ஆழம். உள்ளே ஏறக்குறைய 5 லிட்டர் காற்று; எங்கும் துளை கிடையாது, முழுக்க மூடிய பெட்டி. கீழே கெஃப் பி110 என்ற 5 அங்குல பாஸ் யூனிட், அதன் கூம்பு பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக். மேலே கெஃப் டி27 ட்வீட்டர் (மேல் சுருதியை ஒலிக்கும் யூனிட்), 19 மி.மீ. குமிழ், முகத்தில் ஓட்டை போட்ட உலோகத் தகடு, சுற்றிலும் தடித்த கம்பளிப் பட்டை. இரண்டும் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் பிரிகின்றன.

பெட்டிதான் சுவாரஸ்யம். 12 மி.மீ. பர்ச் ப்ளைவுட், மூலைகளில் பீச் மரச் சட்டம், சுவர்களில் தார் கலந்த அதிர்வுத் தடுப்பு அட்டை, அதன்மேல் நுரை. ‘தடித்த பலகை, அசையாத பெட்டி’ என்ற எண்ணத்துக்கு நேர்மாறானது இது. பலகை மெல்லியதாக இருந்தால் அதன் சொந்த அதிர்வு கீழ்ச் சுருதிக்கு இறங்கும். தார் அட்டை அதை விழுங்கிவிடும். மனிதக் குரல் இருக்கும் பகுதி துப்புரவாகிவிடும். மூலைச் சட்டத்துக்கு பீச்சுக்குப் பதில் பரானா பைன் போட்ட பெட்டிகளில் குரலில் சாயம் ஏறியது காதுக்கே தெரிந்தது. அதனால் மரத்தின் வகைகூட விவரக்குறிப்பில் இடம்பிடித்தது.

15 ஓம், 11 ஓம் என்கிறார்களே?

ஓம் என்பது பெட்டியின் மின்தடை. முதல் தலைமுறை 15 ஓம்: பி110இன் எஸ்பி1003 ரகம், டி27இன் எஸ்பி1032 ரகம், எஃப்எல்6/23 கிராஸ்ஓவர் (ஒலியை இரண்டு யூனிட்டுக்கும் பிரித்தனுப்பும் சுற்று). அந்த கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் அளவைச் சரிசெய்ய பல முனை எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஒவ்வொரு ட்வீட்டருக்கும் ஏற்ற முனையில் கம்பியைப் பற்றவைப்பார்கள். காலப்போக்கில் பி110இன் தயாரிப்பில் அளவுகள் நகர்ந்துவிட்டன. 1980களின் பிற்பாதியில் எஸ்பி1228 என்ற திருத்திய யூனிட்டும் புது கிராஸ்ஓவரும் வந்தன. அதுதான் 11 ஓம்.

எது உசத்தி என்ற சண்டை ஓயாது. 15 ஓம் குரலில் கொஞ்சம் கூடுதல் நெருக்கம் தரும், 11 ஓம் சீரானது என்பது கேட்டவர்களின் பொதுவான அனுபவம். ஆனால் நன்றாக இருக்கும் 11 ஓம் ஜோடி, வயதாகி அளவு மாறிப்போன 15 ஓம் ஜோடியைவிட எப்போதும் மேல்.

இன்று புதிதாகக் கிடைப்பவை எவை? எப்படி வேறுபடுகின்றன?

கெஃப் 1990களின் கடைசியில் யூனிட் கொடுப்பதை நிறுத்தியது. அதன்பின் வந்தவர்கள் இரண்டு வழியில் போனார்கள்.

ஒன்று, பழைய யூனிட்டையே மறுபடி செய்வது. ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் இந்த வழி. பி110ஐயும் டி27ஐயும் கெஃப்பில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய நிறுவனம் அது. இரண்டு யூனிட்டையும் திரும்ப உருவாக்கி, 15 ஓம் கிராஸ்ஓவரோடு பிபிசி உரிமத்தில் விற்கிறது. இன்றைய ரோஜர்ஸ் பெயரில் வரும் கிளாசிக் மாடலும் 15 ஓம் வழிதான்.

இரண்டு, யூனிட் வேறு, ஆனால் கேட்கும் முடிவு பழைய அளவோடு ஒத்துப்போக வேண்டும் என்பது. ஸ்டிர்லிங் பிராட்காஸ்ட் செய்த வி2, கிரஹாம் ஆடியோவின் சார்ட்வெல் பெயரிலான பெட்டிகள் இந்த வகை. இரண்டிலும் டெரெக் ஹியூஸின் கை இருக்கிறது; அவர், பிபிசியிலிருந்து வந்து ஸ்பெண்டாரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸின் மகன். கிரஹாம், ‘ஏ’ சேராத பழைய எல்எஸ்3/5ஐயும் தனியாகச் செய்கிறது.

முதல் வழியில் பழைய பெட்டியின் குணமும் குற்றமும் சேர்ந்தே வரும்: 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே குரலை லேசாக முன்னுக்குத் தள்ளும் புடைப்பு, சத்தத்தைக் கூட்டினால் சீக்கிரம் திணறுவது. இரண்டாவது வழி இன்னும் மென்மை. வாய்ப்பாட்டும் வீணையும் மட்டுமே கேட்கிற வீட்டுக்கு எங்கள் தேர்வு முதல் வழி. எல்லாம் கலந்து கேட்பவர்களுக்கு இரண்டாவது.

ஹார்பெத் பி3இஎஸ்ஆர், கெஃப் எல்எஸ்50 இவையும் எல்எஸ்3/5ஏதானா?

உரிமப்படி இல்லை, வம்சப்படி ஆம். அறிக்கை எழுதிய ஹார்வுட்டே 1977இல் ஹார்பெத்தைத் தொடங்கியவர். பி3இஎஸ்ஆர் ஏறக்குறைய அதே உயர அகலம், மூடிய பெட்டி. ஆனால் கூம்பு அவர்களது சொந்த ரேடியல் பிளாஸ்டிக், மின்தடை 6 ஓம், உணர்திறன் (ஒரே வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 83.5 டெசிபல். பழைய பெட்டியின் புடைப்புகளை இஸ்திரி போட்டுத் தேய்த்தது போல இருக்கும். குரலில் அந்த ‘நெருக்கம்’ குறைந்தது என்று சிலர் குறைப்படுவார்கள். அளவெடுத்துப் பார்த்தால் ஹார்பெத்தே நேர்மையானது.

எல்எஸ்50 2012இல் கெஃப்பின் 50ஆம் ஆண்டுக்கு வந்தது. 2020இல் மெட்டா பதிப்பு. ட்வீட்டர் பாஸ் கூம்பின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் துளை உண்டு. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அலைவரிசையில் 4 ஓமுக்குக் கீழே இறங்கும், ஆகவே லேசான ஆம்ப் தாங்காது. எல்எஸ்3/5ஏ ரசிகர் இதை வாங்கினால் பாதிப் பேர் ஏமாற்றம் அடைவார்கள். வேறு நல்ல ஸ்பீக்கர் என்று நினைத்து வாங்கினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இரண்டு ஜோடியை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வேலூரில் இது கடினமான யோசனைதான், ஆனால் மின்விசிறி இரைச்சலில் இந்தப் பெட்டிகளின் நுணுக்கமெல்லாம் புதைந்துவிடும். விடியற்காலை 5 மணி நல்ல நேரம்.

அடுத்து, சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) ஒலிக்கோப்பை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனின் ஒலி அளவி செயலியை வைத்து, இரு ஜோடியும் அரை டெசிபலுக்குள் ஒத்துவரும்படி வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் எண் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வித்தியாசம் சரியாகவே வரும். இதைச் செய்யாவிட்டால் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பெட்டியே ‘தெளிவானது’ என்று தோன்றும். பல கடை ஒப்பீடுகளில் ஜெயிப்பது அந்த ஒரு டெசிபல்தான்.

மூன்றாவது, பாட்டு அல்ல, பேச்சு. வீட்டில் ஒருவர் பேசுவதை மொட்டை மாடியில், சுவரிலிருந்து தள்ளி, வாய்க்கு அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். மாடியில் எதிரொலி இல்லை. அதைக் கூடத்தில் போட்டு, அதே நபரைப் பக்கத்தில் பேசச் சொல்லுங்கள். மூக்கால் பேசுவது போல, டப்பாவுக்குள் பேசுவது போல, தொண்டை கட்டியது போல எந்தப் பெட்டி காட்டுகிறது என்பது இரண்டு நிமிடத்தில் பிடிபடும். பிறகு தம்புரா, வயலின். நாதஸ்வரம்–தவிலை இதில் சோதிக்க வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு இந்தப் பெட்டி பிறக்கவில்லை.

எங்கள் கூடம் 10க்கு 14 அடி. மிருதங்கத்தின் தொப்பி ‘கும்’ என்று வீங்குகிறது. பெட்டியின் குறையா?

பாதி பெட்டி, பாதி வீடு. எல்எஸ்3/5ஏ வகைக்கு 100 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை பாஸ் சற்றே மேடாக இருக்கும். 5 லிட்டர் பெட்டியில் ஆழ்ந்த பாஸ் இருப்பது போல் காட்டும் உத்தி அது. இப்போது கூடத்தைப் பாருங்கள். அகலம் 10 அடி, காங்கிரீட் கூரையின் உயரமும் 10 அடி. இரண்டும் ஏறக்குறைய 3 மீட்டர். அந்த இடைவெளியில் ஒலி 57–59 ஹெர்ட்ஸில் நின்று அதிரும், அதன் இரட்டிப்பான 115 ஹெர்ட்ஸ் பக்கமும் அதிரும். அகலமும் உயரமும் ஒன்றானதால் இரண்டு அதிர்வும் ஒரே இடத்தில் விழுந்து, பெட்டியின் மேட்டின்மேல் ஏறி உட்காருகின்றன. சுவரோ செங்கல், தரையோ டைல்ஸ்; உறிஞ்ச ஒன்றுமில்லை.

பணம் செலவில்லாத தீர்வு இடத்தில் இருக்கிறது. 115 ஹெர்ட்ஸ் அதிர்வு சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், அதாவது 75 செ.மீ. தள்ளி, அடங்கியிருக்கும். 10 அடிச் சுவர்ப் பக்கம் ஜோடியை வைத்து, ஒவ்வொரு பெட்டியின் நடுவும் பக்கச் சுவரிலிருந்து 75 செ.மீ. இருக்கும்படி நிறுத்துங்கள், இரண்டுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் வரும். உயரத்துக்கும் இதே கணக்கு: பாஸ் யூனிட்டின் நடு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் கூரை அதிர்வைக் கிளப்பாது. பின்சுவரிலிருந்து 60–70 செ.மீ. தள்ளுங்கள். கேட்பவர் ஏறக்குறைய 1.6–1.8 மீட்டரில், தலைக்குப் பின்னால் குறைந்தது ஒரு மீட்டர் காலியிடம் விட்டு உட்கார வேண்டும். பின்சுவரில் தலை சாய்த்துக் கேட்டால் வீக்கம் திரும்பிவிடும்.

தரையில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு லாபம்: காது உயரமும் 75 செ.மீ. பக்கம்தான், கூரை அதிர்வு அவர் காதுக்கு எட்டுவது குறைவு.

மேல் சுருதியின் கிணுகிணுப்புக்குக் கைதட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று வால் நீண்டால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையாவது மூட வேண்டும். தடித்த பருத்தித் திரை, மடிப்பு விட்டு, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிடுவது, பெட்டிக்கும் ஆளுக்கும் நடுவே தரையில் இரண்டு மடிப்பு ஜமுக்காளம், பின்னால் புத்தக அலமாரி. முட்டை அட்டையை ஒட்டுவது வீண்வேலை.

எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்?

இந்தக் குடும்பத்தில் 15 ஓம் பெட்டியின் உணர்திறன் சுமார் 82.5 டெசிபல் (2.83 வோல்ட், 1 மீட்டர்). 8 ஓமுக்கு 40 வாட் தரும் ஆம்பின் உச்ச வெளியீடு 17.9 வோல்ட் ஆர்எம்எஸ். அதே வோல்ட் 15 ஓமில் 21 வாட்தான். பயப்பட வேண்டாம், ஒலி வோல்ட்டைப் பொறுத்தது: 17.9ஐ 2.83ஆல் வகுத்தால் 16 டெசிபல் கூடுதல், அதாவது ஒரு மீட்டரில் 98.5. இரண்டு மீட்டரில் 92 பக்கம், இரு பெட்டியும் அறையும் சேர்ந்து கொஞ்சம் ஏறும். வீட்டுக்கு இது தாராளம். இதற்கு மேல் 100 வாட் ஆம்ப் மாட்டினால் கெட்டுவிடும் என்றில்லை. கையைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். பழைய பெட்டிக்குச் சொல்லப்பட்ட அளவு 25 வாட் பேச்சு–இசை.

வால்வு ஆம்ப் என்றால் 15 ஓம் ஜோடியை 16 ஓம் முனையிலும், 11 ஓமை 8, 16 இரண்டிலும் மாற்றிக் கேட்டும் மாட்டலாம். மின்வெட்டில் இன்வெர்ட்டரில் ஓடும்போது ‘கிர்ர்’ என்ற இரைச்சல் வந்தால் குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல, சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை வகை போட்டால் போய்விடும்.

ஒயர்?

பன்னிழைச் செம்புக் கம்பி, 1.5 சதுர மி.மீ. 5 மீட்டர் தூரத்துக்குப் போய்வரும் தடை 0.12 ஓம்கூட இல்லை. 15 ஓம் பெட்டிக்கு அது தூசு. 6 ஓம் ஹார்பெத்துக்கு வேண்டுமானால் 2.5 சதுர மி.மீ. போடுங்கள். மிச்சப் பணத்தை ஸ்டாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டை இங்கேயே பட்டறையில் அடித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கேட் அடிக்கிற எந்த வெல்டிங் பட்டறையும் செய்யும். 75 மி.மீ. சதுர இரும்புக் குழாய், சுவர்க் கனம் 3 மி.மீ., நீளம் 63 செ.மீ.; அடித்தகடு 30 × 35 செ.மீ., 8 மி.மீ. கனம் (இது மட்டுமே 6.5 கிலோ), மேல்தகடு 16 × 15 செ.மீ., 4 மி.மீ. பெட்டியை நிமிர்த்தி வைத்தால் பாஸ் யூனிட்டின் நடு மேலே சொன்ன 75 செ.மீ.க்கு வந்துவிடும். சோபாவில் காது 95 செ.மீ. என்றால் ட்வீட்டரும் அதற்கு ஒட்டியே இருக்கும்.

மேல்தகட்டைப் பற்றவைக்கும் முன் 20 மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள், மணல் நிரப்ப. ஒரு குழாய் சுமார் 5 கிலோ மணல் பிடிக்கும். எம்-சாண்ட் வாங்கினால் சலித்துக் கழுவி, தார்ப்பாயில் மூன்று நாள் காயவைத்துப் போடுங்கள். ஈர மணல் போட்டு மூடினால் ஓராண்டில் உள்ளே துரு தின்னும். பூச்சு கொப்பளித்த பிறகுதான் தெரியும். ஓரம் வரை அடைக்காமல் முக்கால் அளவு போதும். டைல்ஸ் தரையில் கூர்முனை ஆணி வேண்டாம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் செருப்பு அடித்தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை, 4 மி.மீ. தோலை நாலு மூலையில் ஒட்டினால் போதும். பெட்டிக்கும் மேல்தகட்டுக்கும் இடையே பட்டாணி அளவு ஒட்டுக்களிம்பு நாலு உருண்டை. கோடையில் அது இளகி வெனீரில் எண்ணெய்க் கறை விடும், ஆகவே அடிப்பக்கம் மட்டும், ஆண்டுக்கொரு முறை மாற்றி.

முன் துணியைக் கழற்றிவிட்டால் ஒலி தெளிவாகுமே?

எல்எஸ்3/5ஏவில் கழற்றக் கூடாது. துணிச்சட்டத்தை வைத்தே அளவெடுத்து முடித்த வடிவமைப்பு. யூனிட் இருக்கும் பலகை பெட்டி விளிம்பிலிருந்து உள்வாங்கியிருக்கிறது. அந்த விளிம்பில் மோதித் திரும்பும் ஒலியைத்தான் கம்பளிப் பட்டை அடக்குகிறது. பட்டையைப் பிய்த்தெடுத்த செகண்ட் ஹேண்ட் ஜோடி வந்தால் அதே கனத்தில் நிஜக் கம்பளி ஃபெல்ட் வெட்டி ஒட்டுங்கள். பாலியெஸ்டர் வகை வேலைக்காகாது.

யூனிட்டும் கிராஸ்ஓவரும் கிட்டாக வாங்கி, பெட்டியை உள்ளூர் ஆசாரியிடம் செய்தால்?

நடக்கும். ஆனால் ஆசாரி முதலில் சொல்வது, “12 மி.மீ. பத்தாது சார், 18 போட்டா கல்லு மாதிரி நிக்கும்” என்பதாகத்தான் இருக்கும். சம்மதிக்காதீர்கள். வெளி அளவு மாறாமல் 18 போட்டால் உள்ளே காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பாஸ் மேடு இன்னும் உயரும்; தார் அட்டைக்கும் வேலையில்லாமல் போகும். எம்டிஎஃப்பும் வேண்டாம்.

பர்ச் ப்ளை சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். முடியாவிட்டால் ஐஎஸ் 710 மரைன் ப்ளை, 12 மி.மீ.; வெர்னியரால் அளந்து வாங்குங்கள். மூலைச் சட்டத்துக்கு ஸ்டீம் பீச். பேக்கிங் பெட்டிப் பைனைத் தொடவே வேண்டாம். தார் அட்டைக்கு கார் உதிரிக் கடையின் அதிர்வுத் தடுப்பு ஷீட், அலுமினியத் தாள் ஒட்டாத ரகமாக. பிளைவுட்டில் அது வெயிலுக்குப் பிடிவிட்டு உரியும். பசையோடு ஸ்டேப்பிள் ஊசியும் அடியுங்கள்.

பின்பலகையை மாற்றுமூலைத் திருகாக, ஒரே சீராக முடுக்க வேண்டும். காற்றுக் கசிவைப் பார்க்க 50 ஹெர்ட்ஸ் தொனியை மெதுவாக ஓடவிட்டு, இணைப்புகளின் அருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே கசிவு.

பழைய ஜோடி விலைக்கு வருகிறது. என்ன பார்ப்பது?

இரண்டின் வரிசை எண்ணும் ஜோடியாக அடுத்தடுத்து இருக்கிறதா. யூனிட்டின் பின்னே எஸ்பி எண் இரண்டிலும் ஒன்றா. கிராஸ்ஓவர் பலகையில் எஃப்எல்6/23 எழுத்து, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். பெயர்ப்பலகை மட்டும் பழையதாய் ஒட்டிய போலிகள் நிறைய உண்டு; பெட்டியைத் திறக்கவிடாத விற்பவரிடம் வாங்காதீர்கள். மல்டிமீட்டரில் இரு பெட்டியின் முனைத்தடையும் சில தசமத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். அது பாஸ் பக்கத்தை மட்டுமே காட்டும். வழியில் கெபாசிட்டர் இருப்பதால் ட்வீட்டர் மீட்டருக்குத் தெரியாது. ட்வீட்டருக்குக் காதை வைத்து 8,000 ஹெர்ட்ஸ் தொனி.

வேலூர் வெயிலும் தூசியும்?

மேற்குச் சுவரில் வைக்காதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மாலை வரை சூடு இறங்காத சுவர் அது. வெனீர் ஓரம் எழும்பும், தார் அட்டை இளகும். தூசிக்கு மென் தூரிகை போதும், ட்வீட்டர் குமிழில் கை வைக்கவே கூடாது. மூடிய பெட்டிக்குள் பூச்சி போகாது. எல்எஸ்50 போலப் பின்துளை உள்ளவற்றில் குளவி மண்கூடு கட்டும். ஊருக்குப் போகும்போது நுரைத்துண்டால் துளையை அடைத்துவிட்டுப் போங்கள்.

சப்வூஃபர் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் கூடத்தின் வீக்கத்தைச் சரிசெய்த பிறகு. மூடிய பெட்டியானதால் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் என மெதுவாகவே இறங்குகிறது, இணைப்பது எளிது. சப்வூஃபரை 70 ஹெர்ட்ஸில் வெட்டி, சத்தத்தை முழுக்கக் குறைத்து, மெல்லக் கூட்டி, ‘இருக்கிறதா இல்லையா’ என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதுவும் சீல் செய்த வகையாக இருந்தால் நல்லது.

ஒரு பெட்டியின் ட்வீட்டர் மட்டும் போய்விட்டது. ஒன்று மட்டும் மாற்றலாமா?

மாற்றினால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். 15 ஓம் வகையில் பழைய ட்வீட்டருக்கு ஏற்ற முனையில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. புதியதன் அளவு வேறு. ஜோடியாக இரண்டு வாங்கி இரண்டிலும் மாற்றுங்கள், பிறகு பிங்க் நாய்ஸை மோனோவில் போட்டு, இரு பெட்டியையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, நிறம் ஒத்துவரும் வரை முனையை மாற்றிப் பற்றவையுங்கள். நல்ல நிலையில் மிஞ்சிய பழைய ட்வீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதைத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.